வேலூருக்கும் சென்னைக்கும் இடையில்: செரிமான, கல்லீரல் நோய்ச் சிறப்பு மருத்துவக் கல்வி

உணவுக்குழாய் தொடங்கி மலக்குடல் வரை நீளும் பாதையையும், அதனோடு இணைந்து இயங்கும் கல்லீரல், பித்தப்பை, கணையம் ஆகிய உறுப்புகளையும் தாக்கும் நோய்களுக்கென ஒருவர் தனிச் சிறப்பு மருத்துவராவதற்கு இந்தியாவில் இன்று பதினொன்றரை ஆண்டுகள் ஆகின்றன. ஓராண்டுப் பயிற்சிப் பணியையும் சேர்த்து எம்.பி.பி.எஸ். படிப்புக்கு ஐந்தரை ஆண்டுகள், பொது மருத்துவத்தில் எம்.டி. பட்டத்துக்கு மூன்று ஆண்டுகள், அதன் மேல் இரைப்பை குடல் மருத்துவத்தில் டி.எம். எனப்படும் உயர் சிறப்புப் பட்டத்துக்கு இன்னும் மூன்று ஆண்டுகள் என்பது அக்கணக்கு. கத்தியை எடுக்க விரும்புபவர் எம்.எஸ். முடித்து எம்.சிஹெச். பயில்வார். நுழைவுத் தேர்வுகளுக்காகக் காத்திருக்கும் காலம் இதில் அடங்காது. இத்தனை நீண்ட பயிற்சி எந்த ஊரில், எத்தகைய நோயாளிகளைக் கொண்டு, எதை முதன்மையாக வைத்து அளிக்கப்படுகிறது என்ற கேள்வி, பயிற்சி இடங்களின் எண்ணிக்கை பற்றிய விவாதத்தின் இரைச்சலில் பெரும்பாலும் கேட்காமலே போய்விடுகிறது.

இக்கேள்வியை ஆராய்வதற்குத் திருவாலங்காடு பொருத்தமான ஓரிடம். காரைக்கால் அம்மையாராலும் இராசேந்திர சோழனின் செப்பேடுகளாலும் தமிழ் வாசகர்கள் அறிந்த இவ்வூர், இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம். திருத்தணி கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இயங்கும் கரும்பு வட்டாரம். சென்னை–அரக்கோணம் புறநகர் ரயில் பாதையில் சென்ட்ரலிலிருந்து ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில் இதன் நிலையம் உள்ளது. அதே பாதையில் மேற்கே அரக்கோணம் கடந்து ஏறத்தாழ 70 கி.மீ. சென்றால் காட்பாடி, அதாவது வேலூர். தமிழ்நாட்டில் செரிமான நோய் மருத்துவக் கல்வியின் மிக வலுவான இரண்டு மரபுகளில் ஒன்று இப்பாதையின் கிழக்கு முனையில் சென்னை மருத்துவக் கல்லூரியிலும், மற்றொன்று மேற்கில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் வளர்ந்தன. இரண்டுக்கும் நடுவே இருக்கும் வட்டாரத்தை இரண்டும் எப்படிப் பார்த்தன என்பதே இத்துறையின் வரலாற்றை மதிப்பிட உதவும் நல்ல அளவுகோல்.

சென்னை மரபு அறுவை அரங்கிலிருந்து எழுந்தது. 1835இல் தொடங்கிய சென்னை மருத்துவக் கல்லூரியும், அதனோடு இணைந்த, மக்கள் வழக்கில் பெரியாஸ்பத்திரி எனப்படும் பொது மருத்துவமனையும் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் கண்ட வயிற்று நோயாளிகளில் பலர் முன்சிறுகுடல் புண்ணால் அவதிப்பட்டவர்கள். அரிசியை முதன்மை உணவாகக் கொண்ட தென்னிந்தியாவில் இப்புண் கோதுமை உண்ணும் வடக்கைவிட மிகுதி என்று பல ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். ஆறிய புண்ணின் தழும்பு குடல்வாயை இறுக்கி, உண்ட உணவெல்லாம் வாந்தியாகும் நிலையில் வந்தவர்களுக்கு இரைப்பையைச் சிறுகுடலோடு இணைத்துப் புதுவழி அமைப்பதும், அமிலச் சுரப்பைத் தூண்டும் வேகஸ் நரம்பைத் துண்டிப்பதும் அன்றாட அறுவைகளாக இருந்தன. இப்பின்னணியில்தான் பேராசிரியர் என். ரங்கபாஷ்யம் சென்னை மருத்துவக் கல்லூரியில் இரைப்பை குடல் அறுவை மருத்துவத்துக்கெனத் தனித் துறையை உருவாக்கினார், இத்துறையில் எம்.சிஹெச். படிப்பை இந்தியாவில் முதன்முதலாகக் கொண்டு வந்தவர் என்ற பெருமையும் அவருக்கு உண்டு. 2002இல் பத்மபூஷண் பெற்ற அவர் 2013இல் மறைந்தார். அவரிடம் பயின்றவர்கள் வழியாக அவரது பயிற்சி முறை மாநிலமெங்கும் பரவியது.

அந்த அறுவைத் திறன் செழித்திருந்த காலத்திலேயே அதற்கு அடிப்படையாக இருந்த நோய் கரையத் தொடங்கியது என்பது கவனிக்க வேண்டிய முரண். 1970களின் பிற்பகுதியில் வந்த சிமெடிடின், 1980களின் இறுதியில் வந்த ஒமிப்ரசோல் ஆகிய அமிலம் குறைக்கும் மருந்துகளும், புண்ணுக்கு மூலகாரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி என்று ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 1980களில் காட்டியதும் (இதற்காக அவர்களுக்கு 2005இல் நோபல் பரிசு கிடைத்தது), ஒரு தலைமுறை அறுவை மருத்துவர்கள் கற்றுத் தேர்ந்த கலையை மாத்திரைப் பட்டைக்குள் அடக்கிவிட்டன. பாடத்திட்டங்கள் நோயைவிட மெதுவாக மாறுகின்றன. பயிற்சி பெறுபவர் இன்று கற்கும் செய்முறைகளில் எவை அவரது பணிக்காலத்தின் பாதியிலேயே வழக்கொழியும் என்பதை எவராலும் சொல்ல இயலாது என்பதால், செய்முறையை மட்டும் நம்பிய பயிற்சிக்கு ஆயுள் குறைவு.

ஆயினும் கருவியின் கவர்ச்சி பெரியது. 1957இல் பேசில் ஹிர்ஷோவிட்ஸ் கண்ணாடி இழைக் கற்றையால் ஆன வளையும் குழாயை இரைப்பைக்குள் செலுத்திப் பார்த்த நாளிலிருந்து (அவ்விழைக் கற்றையின் ஒளியியலை 1954இல் விளக்கிய இருவரில் ஒருவர் பஞ்சாபைச் சேர்ந்த நரிந்தர் கபானி என்பது பலர் அறியாத செய்தி) இத்துறையின் அடையாளம் எண்டோஸ்கோப்பாக மாறிவிட்டது. நோயாளிகள் ‘கேமரா விட்டுப் பார்ப்பது’ என்று சொல்லும் இச்சோதனை, பின்னர் பித்தக்குழாய்க் கல்லை வாய் வழியாகவே எடுக்கும் ஈ.ஆர்.சி.பி., குழாயின் நுனியிலிருந்து ஒலியலை அனுப்பிக் கணையத்தைப் படமெடுக்கும் எண்டோசோனோகிராபி என்று கிளைத்தது. அறுவையால் மட்டுமே தீர்ந்தவற்றை மருத்துவரும் தீர்க்கலாம் என்ற நிலை வந்ததும் டி.எம். படிப்பின் மதிப்பு உயர்ந்தது. தொடக்கக் காலத்தில் இப்படிப்புக்கு இளம் மருத்துவர்கள் சண்டிகரின் முதுநிலை மருத்துவ நிறுவனத்தையோ தில்லியின் அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தையோ நாடினர். ஹைதராபாத்தில் இன்று உலகறிந்த எண்டோஸ்கோப்பி நிபுணராக விளங்கும் டி. நாகேஷ்வர் ரெட்டி சென்னையில் எம்.டி. முடித்துச் சண்டிகரில்தான் டி.எம். பயின்றார். பின்னர் சென்னை மருத்துவக் கல்லூரியிலும், ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிலும், அண்ணாநகர் புறநகர் மருத்துவமனையில் செரிமான நலத்துக்கெனத் தனித்துறை கண்ட கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியிலும் உயர் சிறப்புப் பயிற்சி வேரூன்றியது.

வேலூரின் வழி வேறு. அங்கே 1950, 60களில் செல்வின் பேக்கரும், அவரைத் தொடர்ந்து வி.ஐ. மாத்தனும் ஆராய்ந்த ‘வெப்பமண்டல ஸ்ப்ரூ’ என்ற நோய் கிராமங்களில் கொள்ளைநோய்போலப் பரவியது. நீங்காத வயிற்றுப்போக்கு, சத்துகளை உறிஞ்ச இயலாத குடல், அதனால் வரும் ரத்தசோகை, மெலிவு ஆகியவையே அதன் அடையாளங்கள். வேலூரைச் சுற்றியுள்ள வடாற்காட்டுக் கிராமங்களுக்கு நேரில் சென்று, அங்குள்ள மக்களின் குடற்சவ்வையும் உணவையும் தண்ணீரையும் சேர்த்தே ஆராயும் பழக்கம் அங்கே உருவானது. நோயாளி மருத்துவமனைக்கு வரும் வரை காத்திராமல் நோய் பிறக்கும் இடத்துக்குச் செல்லும் இம்மரபின் தொடர்ச்சியாகவே, செரிக்காமல் பெருங்குடல் வரை செல்லும் மாவுச்சத்தை உப்பு–சர்க்கரைக் கரைசலில் சேர்த்தால் காலராவின் வயிற்றுப்போக்கு விரைவில் குறையும் என்று பி.எஸ். ராமகிருஷ்ணாவின் குழு 2000இல் காட்டியதையும், ககன்தீப் காங்கின் ரோட்டாவைரஸ் ஆய்வுகளையும் காணலாம். எலி மருந்தில் கலக்கும் மஞ்சள் பாஸ்பரஸ் நஞ்சால் கல்லீரல் செயலிழந்து வரும் இளவயதினருக்கு, ரத்தத்தின் நீர்ப்பகுதியை மாற்றி ஏற்றும் பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சை பயன்தரும் என்று அக்கல்லூரியின் கல்லீரல் மருத்துவர்கள் எடுத்துரைத்ததோடு நிற்காமல், அந்நஞ்சு மாநிலம் முழுவதும் எத்தனை உயிர்களைப் பறிக்கிறது என்று கணக்கெடுக்கவும் முன்நின்றனர். பின்னர் தமிழ்நாட்டில் அதன் விற்பனைக்குத் தடை வந்தது. ஒரு சிறப்பு மருத்துவர் தம் வாழ்நாளில் செய்யும் எண்டோஸ்கோப்பிகள் அனைத்தும் காப்பாற்றும் உயிர்களைவிட, இத்தகைய ஒரு தடை காப்பாற்றும் உயிர்கள் கூடுதலாக இருக்கக்கூடும்.

கல்லீரல் மருத்துவம் தனித் துறையாவது இக்கதையின் அடுத்த கட்டம். 1959இல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனைக்கு வந்து கல்லீரல் பிரிவை நிறுவிய ஷீலா ஷெர்லாக், குடலுக்கு ஒட்டாகக் கருதப்பட்ட இவ்வுறுப்புக்கெனத் தனிப் பயிற்சி மரபை உருவாக்கினார். 1960களில் பாரூக் பிளம்பர்க் ஹெபடைடிஸ் பி கிருமியின் அடையாளத்தைக் கண்டதும், 1989இல் ஹெபடைடிஸ் சி அறியப்பட்டதும் அத்துறைக்கு உடலியல் அறிவோடு கிருமியியல் அறிவையும் சேர்த்தன. தமிழ்நாட்டில் இதற்குத் தனிச் சுவையுள்ள ஓர் அத்தியாயம் உண்டு. மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி என்பது தலைமுறைகளாக வரும் வழக்கு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன், பிளம்பர்க் உள்ளிட்டோருடன் சேர்ந்து 1988இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வில், ஹெபடைடிஸ் பி கிருமியை நெடுங்காலம் உடலில் சுமந்தவர்களுள் கீழாநெல்லித் தூள் உண்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்திலிருந்தும், வெற்றுமருந்து உண்ட 23 பேரில் ஒருவரின் ரத்தத்திலிருந்து மட்டும் அக்கிருமியின் அடையாளம் மறைந்ததாகத் தெரிவித்தார். பிற நாடுகளில் நடந்த பின்னைய சோதனைகள் இம்முடிவை உறுதி செய்யவில்லை. ஆயினும் இவ்வரலாற்றை டி.எம். மாணவர் அறிந்திருப்பது தேவை. ஏனெனில் திருவாலங்காட்டு வட்டாரத்திலிருந்து மஞ்சள் கண்களோடு வருபவர் முன்பே எங்கோ மருந்து குடித்துவிட்டு வந்திருக்க வாய்ப்பு அதிகம். அதைக் கேலியாகக் கேட்கும் மருத்துவரிடம் அவர் உண்மையைச் சொல்லமாட்டார். சொல்லப்படாத பச்சிலையும், அதனோடு சில வேளை கலந்திருக்கும் உலோகப் பற்பமும், கல்லீரல் அழற்சிக்குக் காரணம் தேடும்போது மிக முக்கியமான தகவல்கள்.

கல்லீரல் மாற்று அறுவை இத்துறையின் உச்சம் என்று கருதப்படுவதால், பயிற்சி பெறுபவர்களின் கனவையும் அதுவே பெருமளவில் தீர்மானிக்கிறது. ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற முகமது ரேலா, லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் 1997இல் பிறந்து ஐந்தே நாளான குழந்தைக்குக் கல்லீரல் மாற்றியதும், இந்தியாவில் 1998இல் தில்லியில் வெற்றிகரமாகக் கல்லீரல் பெற்ற முதல் குழந்தை காஞ்சிபுரத்திலிருந்து சென்றதும் தமிழ் வாசகர்கள் அறிந்தவை. தந்தையின் கல்லீரல் பகுதியால் பிழைத்த அக்குழந்தை பின்னாளில் மருத்துவரானதும் செய்தியானது. 2008இல் தொடங்கிய மூளைச்சாவு உறுப்புக்கொடைத் திட்டத்தின் பயனாகவும், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் துணையாலும், பேராசிரியர் ஆர். சுரேந்திரன் வளர்த்தெடுத்த ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் துறையில் ஏழை நோயாளிகளுக்கும் மாற்று அறுவை கிடைத்தது. இது எளிய சாதனையன்று. ஆனால் ஈரல் சுருங்கி வயிற்றில் நீர் கோத்தவர்களில் மிகச் சிறிய பங்கினருக்கே மாற்றுக் கல்லீரல் கிடைக்கும் என்பதும், எஞ்சியவர்களைக் கடைசி வரை பேணுவதற்கான வலி தணிப்புப் பராமரிப்பு, குடிமீட்புச் சிகிச்சை, ஊட்டமளித்தல் ஆகியவற்றுக்குப் பயிற்சியில் கிடைக்கும் நேரம் அந்த உச்சத்துக்குக் கிடைக்கும் நேரத்தோடு ஒப்பிடத்தக்கதன்று என்பதும் அதே அளவு உண்மை. 2003 முதல் மதுச் சில்லறை விற்பனையை அரசு நிறுவனமான டாஸ்மாக் நடத்தும் மாநிலத்தில், குடிநோயைக் கையாளும் திறன் மனநல மருத்துவரின் வேலை என்று ஒதுக்கிவைக்கப்படுவது விந்தை.

பயிற்சியின் அளவுகோல் நாட்டுக்கு நாடு மாறுகிறது. அமெரிக்காவில் பொது மருத்துவத்தில் மூன்றாண்டு, பின் செரிமானத் துறையில் மூன்றாண்டு, மாற்றுக் கல்லீரல் நோயாளிகளைப் பேண மேலும் ஓராண்டு. பிரிட்டனில் 1994இல் அமைந்த எண்டோஸ்கோப்பிக் கூட்டு ஆலோசனைக் குழு, பயிற்சி பெறுபவர் இத்தனை எண்டோஸ்கோப்பி செய்தார் என்ற எண்ணிக்கையோடு நிறைவடையாமல், பிறர் நேரில் கண்டு மதிப்பிட்ட பின்பே தனித்துச் செய்யச் சான்று அளிக்கும் முறையைப் பரப்பியது. இலங்கையில் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் முதுநிலை மருத்துவ நிறுவகம் தன் சிறப்பு மருத்துவர்களை வெளிநாட்டில் ஒரு காலம் பணியாற்றச் செய்து, அதன் பிறகே சபைச் சான்று வழங்குகிறது. இந்திய முறை, பல்கலைக்கழகத் தேர்வில் படுக்கையருகே நோயாளியை ஆராய்ந்து விடை சொல்லும் திறமையை மையமாகக் கொண்டது. இதை வெறுமனே பழமை என்று ஒதுக்கிவிட முடியாது. குடற்காசநோயும் குரோன் நோயும் எண்டோஸ்கோப்பில் ஏறத்தாழ ஒரே தோற்றம் தருவன. பின்னதற்கு அளிக்கும் ஸ்டீராய்டு முன்னதில் காசத்தை உடல் முழுவதும் பரப்பிவிடும். காய்ச்சல், எடை இழப்பு, குடும்பத்தில் காசநோய் வரலாறு, திசுவில் காணும் மாற்றம், மருந்துக்குக் கிடைக்கும் பலன் ஆகியவற்றைப் பொறுமையாகக் கூட்டிப் பார்ப்பவரே இங்கே சரியான விடையை எட்டுவார். இத்தகைய தீர்ப்பைக் கற்பிப்பதில் சென்னை வார்டுகளின் நெரிசலுக்கு நிகரான வகுப்பறை அரிது.

யார் பயிற்சிக்கு வருகிறார்கள் என்பதும் இதோடு பிணைந்தது. 2017 முதல் நாடெங்கும் உயர் சிறப்பு இடங்கள் நீட்–எஸ்.எஸ். என்ற ஒரே தேர்வால் நிரப்பப்படுகின்றன. ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் பணியாற்றிய மருத்துவர்களுக்கு அரசுக் கல்லூரி உயர் சிறப்பு இடங்களில் 50 விழுக்காட்டை ஒதுக்கித் தமிழ்நாடு அரசு 2020 நவம்பரில் ஆணையிட்டது. நீண்ட வழக்குக்குப் பின் 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை நடைமுறைப்படுத்த அனுமதித்தது. தகுதி குறையும் என்று இவ்வொதுக்கீட்டை எதிர்த்தவர்கள், தகுதி என்பது ஒரு நாள் தேர்வின் மதிப்பெண் மட்டும்தானா என்பதை விளக்கவில்லை. கிராமச் சுகாதார நிலையத்தில் சில ஆண்டுகள் இருந்தவர், ரத்த வாந்தி எடுத்த ஒருவரை ஆம்புலன்சில் ஏற்றி அனுப்பிவிட்டு, வழியில் என்ன ஆகுமோ என்று அஞ்சிய அனுபவத்தோடு டி.எம். வகுப்புக்கு வருகிறார். அந்த அனுபவத்தை எந்தப் பாடத்திட்டமும் பின்னர் ஊட்டிவிட முடியாது.

அந்த ரத்த வாந்தியையே எடுத்துக்கொண்டு பார்த்தால் திருவள்ளூர் மாவட்டத்தின் தேவை தெளிவாகும். ஈரல் இறுகும்போது குடலிலிருந்து ஈரலுக்குச் செல்லும் ரத்தம் வழியின்றி உணவுக்குழாய் நாளங்களைப் புடைக்கச் செய்கிறது; அவை வெடிப்பதே பெருவாந்தியாக வெளிப்படுகிறது. அவற்றுக்கு எண்டோஸ்கோப் வழியாக ரப்பர் வளையமிட்டுக் கட்டுவது சிறப்பு மருத்துவரின் வேலை. அதை ஏறத்தாழ 12 மணி நேரத்துக்குள் செய்வது நல்லது என்பதே இன்றைய கருத்து. ஆனால் நாள அழுத்தத்தைக் குறைக்கும் டெர்லிபிரெசின் அல்லது ஆக்ட்ரியோடைடு ஊசியை உடனே தொடங்குவது, கிருமித்தொற்றைத் தடுக்க ஆன்டிபயாடிக் கொடுப்பது, ரத்தம் ஏற்றுவதில் அளவு மீறாமல் இருப்பது ஆகிய மூன்றும் உயிரைக் காப்பவை. மூன்றுக்கும் எண்டோஸ்கோப் தேவையில்லை, டி.எம். பட்டமும் தேவையில்லை. மிகுதியாக ஏற்றிய ரத்தமே நாளங்களை மீண்டும் புடைக்கச் செய்து தீங்கு விளைவிக்கும் என்பதை எடுத்துச் சொல்ல ஒருவர் இருந்தால், மாவட்ட மருத்துவமனையின் எம்.டி. மருத்துவர் இவற்றைச் செவ்வனே செய்வார். சென்ட்ரல் வரையான பயணத்தை நோயாளி தாக்குப்பிடிப்பது இந்த முதல் மணி நேரத்தைப் பொறுத்ததே.

அதே மாவட்டத்தின் கிழக்கே கும்மிடிப்பூண்டிப் பக்கம் கேள்வி வேறு வடிவம் எடுக்கிறது. சிப்காட் தொழிற்பேட்டையின் இரும்பு, எஃகு, வேதிப்பொருள் ஆலைகளில் பிற மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள் பெருந்தொகையாக உள்ளனர். நெருக்கமான குடியிருப்பும் மாசடையக்கூடிய குடிநீரும் சேரும் எந்த இடத்திலும் ஹெபடைடிஸ் ஏ, ஈ ஆகிய இருவகைக் காமாலைக்கும் வாய்ப்பு உண்டு. 1955–56இல் தில்லியில் கழிவுநீர் கலந்த குடிநீரால் ஏறத்தாழ 29,000 பேருக்குக் காமாலை கண்ட பெருநிகழ்வு, கர்ப்பிணிகளுக்கு ஹெபடைடிஸ் ஈ எவ்வளவு ஆபத்தானது என்பதையும் உலகுக்குக் காட்டியது. கல்லீரல் நோயாளியிடம் குடிப்பழக்கத்தைத் தவறாமல் விசாரிக்கும் மருத்துவர், அவர் எந்த ஆலையில் எந்தக் கரைப்பானோடு வேலை செய்கிறார் என்று கேட்பது அரிது. கார்பன் டெட்ராகுளோரைடு போன்ற கரைப்பான்கள் ஈரலை நேரடியாகச் சிதைக்கும் என்பதும், பி.வி.சி. தயாரிப்பின் மூலப்பொருளான வினைல் குளோரைடு ஈரலில் அரிய புற்றுநோயை உண்டாக்கும் என்பதும் பாடநூல்களில் நெடுங்காலமாக இருப்பவை. அவை அங்கேயே தங்கிவிடுகின்றன. தொழிலைப் பற்றிய விசாரணையைப் பயிற்சியின் நிலையான பகுதியாக்குவதற்குச் செலவு எதுவும் இல்லை.

2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட பதினொரு அரசு மருத்துவக் கல்லூரிகளுள் திருவள்ளூரும் ஒன்று. புதிய கல்லூரி ஒன்றில் முதலில் அமைவன அடிப்படைத் துறைகளே. உயர் சிறப்புப் பயிற்சி தொடங்கப் பல ஆண்டுகள் ஆகலாம். அதுவரை மாவட்டமும் டி.எம். மாணவரும் ஒருவரையொருவர் காணாமலிருக்க வேண்டியதில்லை. முதுநிலை எம்.டி., எம்.எஸ். மாணவர்கள் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனைகளில் பணியாற்ற வேண்டும் என்ற மாவட்ட உறைவிடப் பயிற்சித் திட்டம் 2020இல் அறிவிக்கப்பட்டது, டி.எம்., எம்.சிஹெச். மாணவர்களுக்கு அது பொருந்தாது. அவர்கள் நுண்ணிய கருவிகளைக் கற்க வந்தவர்கள், மாவட்டத்தில் அவர்களுக்குக் கற்க என்ன இருக்கிறது என்பதே இவ்விலக்கின் பின்னுள்ள எண்ணம் என்று தோன்றுகிறது. மேலே விவரித்தவை அவ்வெண்ணத்துக்குப் போதிய மறுப்பு.

மூன்றாண்டுப் பயிற்சியில் எட்டு வாரமேனும் டி.எம். மாணவர் ஒருவர் திருவள்ளூரில் இருந்து, எம்.டி. மருத்துவர்களுக்கு ரத்த வாந்தியின் முதல் மணி நேரத்தைக் கற்பிக்கலாம். 2018இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் ஹெபடைடிஸ் பி உள்ள தாய்மார்களின் பட்டியலைச் சரிபார்த்து, அவர்களின் குழந்தைகளுக்குப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போடப்பட்டதா என்று பார்க்கலாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடுதேடிச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் அளக்கும் பணியாளர்களோடு சென்று, ஈரலில் கொழுப்பு படிந்திருக்கக்கூடியவர்களை அடையாளம் காணலாம். கொழுப்பு ஈரலை ஒன்றிய அரசு 2021இலேயே தொற்றா நோய்த் திட்டத்தில் சேர்த்துவிட்டதால், இதற்குப் புதிய ஆணை எதுவும் வேண்டியதில்லை. கற்றல் ஒருவழியாகவும் இராது: பெரியாஸ்பத்திரி வார்டில் அவர் பார்ப்பது பத்தாண்டு முற்றிய நோய், அதே நோயின் முதலாண்டு அரக்கோணம் ரயிலிலும் கும்மிடிப்பூண்டி ஆலைவாசலிலும் இருக்கிறது. இப்பணிக்காகச் சென்னையிலும் வேலூரிலும் உள்ள துறைகள் தம் மாணவர்களை விட்டுக்கொடுக்க இசைய வேண்டும். இரவுப்பணிப் பட்டியல் ஏற்கனவே ஆளின்றித் தவிக்கும் துறைத் தலைவர்களிடமிருந்து முதல் மறுப்பு வரும். அதைச் சமாளிக்கும் வழியைத் தேசிய மருத்துவ ஆணையமும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகமும் சேர்ந்தே காண வேண்டியிருக்கும்.